பழைய துறைமுக நிலத்தில் புதிய நகர்ப்பகுதி: கேள்வி பதில்

பயன்பாடு நின்றுபோன கப்பல்துறைகளும் கிடங்குகளும் ஆலைகளும் இருந்த நீர்க்கரை நிலத்தை, வீடு, அலுவலகம், கடை, பொது இடம் எல்லாம் சேர்ந்த நகர்ப்பகுதியாக மாற்றுவது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மண்ணும் அடித்தளமும் சார்ந்த பொறியாளனாகத் தொடங்கிப் பின்னர் நகரத் திட்டமிடலுக்கு வந்தவன் நான். ஆகவே என் பதில்கள் தரைக்குக் கீழே இருப்பவற்றுக்குச் சற்றுக் கூடுதல் இடம் கொடுக்கும்.

கேள்வி: வணக்கம் ஐயா. உலகின் பல துறைமுக நகரங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இத்தகைய நிலங்கள் காலியானது ஏன்?

பதில்: முதன்மையான காரணம் கன்டெய்னர். 1956 ஏப்ரலில் 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 சரக்குப் பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அடுத்த கால் நூற்றாண்டில் கப்பல்கள் பெருத்தன. அவற்றுக்கு ஆழமான நீரும் பெட்டிகளை அடுக்கப் பரந்த வெளியும் வேண்டியிருந்தன. நகர மையத்துக்கு அருகிலிருந்த பழைய துறைகளில் இவை இரண்டுமே இல்லாததால் சரக்குப் போக்குவரத்து முகத்துவாரத்தை நோக்கி நகர்ந்தது. லண்டனின் உள் துறைகள் 1960களின் இறுதியில் மூடத் தொடங்கி, 1981க்குள் எல்லாமே மூடப்பட்டுவிட்டன. நகரத்தின் நடுவே வேறு எவ்வகையிலும் கிடைக்காத அளவு பெரிய நிலம் எஞ்சியது. பல இடங்களில் அதற்கு உரிமையாளரும் ஒருவரே. அது பெரிய வசதி. ஆனால் நூறாண்டுத் தொழிலின் கழிவும் அதே மண்ணில்தான் எஞ்சியிருந்தது.

கேள்வி: எங்கள் நிலத்தில் முன்பு நிலக்கரி வாயு ஆலை ஒன்று இருந்ததாகப் பழைய வரைபடம் காட்டுகிறது. மண் முழுவதையும் அள்ளி வெளியேற்றியாக வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவை எடுக்குமுன் முறையான ஆய்வு தேவை. வாயு ஆலை நிலங்களில் தார், பென்சீன், சயனைடு கலந்த கழிவு, கன உலோகங்கள் ஆகியவற்றை எதிர்பார்க்கலாம். மேலும் துறைமுக நிலம் பெரும்பாலும் இயற்கையான மண்ணே அன்று. சாம்பலும் இடிபாடும் தூர்வாரிய சேறும் கொண்டு மேடாக்கப்பட்டது. பத்து அடி தள்ளித் துளையிட்டால் முற்றிலும் வேறொரு மண் வரும்.

நஞ்சு எங்கே இருக்கிறது, எந்த வழியாக நகரும், யாரைச் சென்று சேரும் என்ற மூன்று கேள்விகளையும் இணைத்தே பார்க்க வேண்டும். வழியைத் துண்டித்துவிட்டால், ஆழத்தில் உள்ள நஞ்சு சிலவற்றை அங்கேயே பூட்டிவைக்க இயலும். தார் தேங்கிய பழைய தொட்டிகளைத் தோண்டி எடுப்பது, மண்ணோடு சிமென்ட் கலந்து கெட்டிப்படுத்துவது, நிலத்தடி நீர் கடலுக்குக் கசியாதபடி தடுப்புச் சுவர் எழுப்புவது, மேலே தூய மண்ணால் மூடுவது என வழிகள் பல உள்ளன. பெரும்பாலான இடங்களில் இவற்றைக் கலந்தே பயன்படுத்துகிறோம். பென்சீன் ஆவியாகிக் கட்டடத்துக்குள் புகக்கூடியது என்பதால் தரைத்தளத்துக்கு அடியில் ஆவித்தடுப்புப் படலம் விரிப்பதைத் தவிர்க்கக் கூடாது.

நீர்க்கரைக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்றவற்றம், ஏறி இறங்கும்போது கரையோர நிலத்தடி நீரும் ஏறி இறங்குகிறது. ஒரே ஒரு நாளில், ஒரே நேரத்தில் எடுத்த நீர் மாதிரியை நம்பித் திட்டம் தீட்டியவர்கள், கட்டுமானம் பாதியை எட்டிய நிலையில் வேலையை நிறுத்த நேர்ந்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓதத்தின் வெவ்வேறு நிலைகளிலும் வெவ்வேறு பருவங்களிலும் மாதிரி எடுங்கள்.

கேள்வி: நூறாண்டுப் பழமையான செங்கல் கிடங்கு ஒன்று மரத்தூண் அடித்தளத்தின் மீது நிற்கிறது. அதைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும் என்ற நம்பிக்கையோடு தொடங்குங்கள். எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் மரம் நூற்றாண்டுகள் தாங்கும். காற்றும் ஈரமும் மாறி மாறிப் படும் பகுதிதான் உளுத்துப்போகும். ஆகவே பக்கத்து மனையில் அடித்தளம் தோண்டுவதற்காக நீரை இறைத்து நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்துவது உங்கள் கிடங்குக்குப் பெரும் ஆபத்து. திறந்த உப்பு நீரில் நிற்கும் தூண்களுக்கு, மரத்தைத் துளைத்து அரிக்கும் கடலுயிரியான கப்பல் புழு மற்றோர் ஆபத்து. நியூயார்க் துறைமுகத்தில் மாசு மிகுந்திருந்த காலத்தில் இத்தகைய துளைப்புயிரிகள் ஒடுங்கியிருந்தன. நீர் தூய்மை அடைந்ததும் அவை திரும்பி வந்து படகுத்துறைத் தூண்களை அரிக்கத் தொடங்கின. நீரைத் தூய்மைப்படுத்தும் திட்டமும் தூண்களைக் காக்கும் திட்டமும் ஒன்றாகவே தீட்டப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஜெர்மனியின் ஹாம்பர்கில் பழைய கோகோ கிடங்கின் சுவர்களுக்கு மேலே எழுப்பப்பட்ட எல்பில்ஹார்மனி இசையரங்கு 2017 ஜனவரியில் திறக்கப்பட்டது. அழகு மிக்க கட்டடம். ஆயினும் காலமும் செலவும் முதல் மதிப்பீட்டைப் பலமடங்கு தாண்டின. பழைய கூட்டுக்குள் புதிய கட்டடத்தை நிறுத்துவதற்கான மதிப்பீட்டை எவரும் குறைத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: வாகன நிறுத்தத்துக்காக இரண்டு நிலத்தடித் தளங்கள் திட்டமிட்டிருக்கிறோம். உங்கள் கருத்து?

பதில்: மறுபரிசீலனை செய்யுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே நீங்கள் இறங்கும் ஒவ்வொரு மீட்டருக்கும், ஒரு சதுர மீட்டர் தரையை நீர் ஏறத்தாழ ஒரு டன் விசையோடு மேலே தள்ளும். மேல்தளங்களின் எடை வந்து சேர்வதற்கு முன்புள்ள மாதங்களே மிகவும் ஆபத்தானவை. நிலத்தையே உயர்த்தி, அந்த உயரத்துக்குள் வாகனங்களை வைப்பது மேல். இது அடுத்த கேள்வியோடும் தொடர்புடையது.

கேள்வி: கடல்மட்டம் உயர்வதைக் கருத்தில் கொண்டால், தரையை எவ்வளவு உயரத்தில் வைப்பது பாதுகாப்பு?

பதில்: காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டறிக்கை, 1995–2014 சராசரியோடு ஒப்பிடும்போது 2100க்குள் உலகச் சராசரிக் கடல்மட்டம், மிகக் குறைந்த உமிழ்வுப் பாதையில் 0.28 முதல் 0.55 மீட்டர் வரையும், மிக அதிக உமிழ்வுப் பாதையில் 0.63 முதல் 1.01 மீட்டர் வரையும் உயரக்கூடும் என்கிறது. இதன் மேல் உங்கள் கரையின் புயல் அலை உயரத்தையும் நிலம் தாழும் வேகத்தையும் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும்.

ஹாம்பர்க் நகரம் 1962 பிப்ரவரி வெள்ளத்தில் 300க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அந்நகரின் பழைய துறைமுகத்தில் 157 ஹெக்டேர் பரப்பில் உருவாகிவரும் ஹாஃபன்சிட்டி, வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே அமைந்திருக்கிறது. அங்கே சுற்றிலும் உயர்ந்த சுவர் எழுப்பாமல், கட்டடங்களையும் சாலைகளையும் கடல்மட்டத்துக்கு மேல் 8 முதல் 9 மீட்டர் உயர மேடைகளில் அமைத்தனர். கரையோர நடைபாதைகளைத் தாழ்வாகவே விட்டு, எப்போதாவது அவை மூழ்குவதை ஏற்றுக்கொண்டனர். வாகனங்கள் அந்த மேடைகளுக்குள் நிற்கின்றன. வெள்ள நேரத்திலும் தீயணைப்பு வண்டி உள்ளே வந்து போகச் சாலைகளும் பாலங்களும் உயரத்தில் உள்ளன. பலர் கட்டடத்தை உயர்த்திவிட்டுச் சாலையை மறந்துவிடுகிறார்கள். அப்போது அந்தக் கட்டடம் நீர் நடுவே ஒரு தீவாகிவிடும்.

கேள்வி: வீடு, அலுவலகம், கடை ஆகியவற்றின் சரியான விகிதம் என்ன?

பதில்: எல்லா இடத்துக்கும் பொருந்தும் விகிதம் கிடையாது. ஒரே பயனை நம்பியிருக்காதீர்கள் என்பதே நான் சொல்லக்கூடியது. லண்டனின் கேனரி வார்ஃப் தொடக்கத்தில் ஏறக்குறைய முழுவதும் அலுவலகங்களாகவே எழுந்தது. அதைக் கட்டிய ஒலிம்பியா அண்ட் யார்க் நிறுவனம் சொத்துச் சந்தை சரிந்தபோது 1992இல் நொடித்தது. அந்த இடத்தை நகரோடு உறுதியாக இணைத்த ஜூபிலி சுரங்க ரயில் தடத்தின் நீட்டிப்பு 1999இல்தான் வந்தது. போக்குவரத்து முதலில் வர வேண்டும், கட்டடம் பிறகு வரலாம். அமெரிக்காவின் பால்டிமோரில் 1980இல் திறந்த ஹார்பர்பிளேஸ் கடைத்தொகுதி நெடுங்காலம் முன்மாதிரியாகப் போற்றப்பட்டது. வருகையாளர்களையே பெரிதும் நம்பியிருந்த அது பின்னர் வெறிச்சோடி, 2019இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் பொறுப்புக்குப் போயிற்று.

விகிதத்தைவிடத் தரைத்தளத்தின் உயரத்துக்கு முதலிடம் கொடுங்கள். ஐந்து மீட்டர் உயரம் இருந்தால் இன்றைய கடை நாளை மழலையர் பள்ளியாகவோ மருத்துவமனையாகவோ மாறலாம்.

கேள்வி: நிலத்தை ஒரே பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டால் வேலை விரைவாக முடியாதா?

பதில்: தொடக்கம் விரைவாக இருக்கும், முடிவு அந்த நிறுவனத்தின் நிதிநிலையைப் பொறுத்தது. லண்டனில் 1983இல் மூடப்பட்ட பேட்டர்சீ மின்நிலையம் ஓர் உரிமையாளரிடமிருந்து மற்றவரிடம் கைமாறி, 2022 அக்டோபரில்தான் மக்களுக்குத் திறந்தது. இடையில், 2017இல், வாக்களிக்கப்பட்ட 636 மலிவு விலை வீடுகள் 386ஆகக் குறைக்கப்பட்டன. செலவு கூடும்போது முதலில் வெட்டப்படுவது இத்தகைய வீடுகளும் பொது இடங்களுமே என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது. ஹாஃபன்சிட்டியில் நிலத்தைச் சிறு மனைகளாகப் பிரித்து, தேர்வான கட்டுநரிடம் முதலில் மனையை ஒதுக்கிவைத்தனர். வடிவமைப்பும் அனுமதியும் முடிந்த பிறகே விற்பனை. அதுவரை நகரின் பிடி தளரவில்லை. நீண்ட காலக் குத்தகையும் நல்ல வழிதான்.

கேள்வி: குடியிருப்போரின் பாதுகாப்புக்காகக் கரையோரத்தைக் கதவிட்டு அடைக்கலாமா?

பதில்: கூடாது. கரையின் விளிம்பு முழுவதும், எல்லா நேரமும், எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அதை மனை ஒதுக்கும் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கரையில் மீன்பிடிப் படகுகளும் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளமும் இன்னும் இயங்குகின்றன. சத்தத்தையும் நாற்றத்தையும் காரணம் காட்டி அவற்றை அகற்றச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். கேப் டவுனின் வி அண்ட் ஏ வாட்டர்ஃப்ரண்ட் இன்றும் இயங்கும் துறைமுகத்தின் ஓரத்திலேயே வளர்ந்தது. அங்கே 1924இல் கட்டிய தானியக் கிடங்கு 2017இல் கலை அருங்காட்சியகமாயிற்று, பக்கத்திலேயே கப்பல்களும் பழுதுபார்க்கப்படுகின்றன. சத்தத்தைத் தாங்கும் பொறுப்பைப் புதிதாக வருபவரிடம் ஒப்படையுங்கள்: தளத்தை ஒட்டிய வரிசையில் அலுவலகங்கள், வீடுகளுக்கு இரட்டைக் கண்ணாடிச் சன்னல், படுக்கையறைகள் மறுபுறம். வீடு வாங்குவோர் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், இரவு வேலை நடக்கும் தளம் அருகில் உள்ளது என்ற வரி இடம்பெறட்டும். படகுக்காரர்களிடம் உங்கள் திட்ட வரைபடத்தை இப்போதே காட்டி, வலை உலர்த்தவும் பனிக்கட்டி ஏற்றவும் எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டு, அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்; கட்டடங்களின் கோடுகளை அதன் பிறகு வரையலாம்.