தின்னர் பீப்பாய்க்கு யார் பொறுப்பு?

கேள்வி: டர்பன் ஜேக்கப்ஸ் பகுதியில் மரச்சாமான் பட்டறை ஒன்றில் போர்மனாக இருக்கிறேன். மொத்தம் பதினான்கு பேர். 200 லிட்டர் தின்னர் பீப்பாய்கள் நான்கு பின்பக்க நடைவழியில் நிற்கின்றன. பக்கத்திலேயே, மின்வெட்டு நேரத்தில் ஓடும் ஜெனரேட்டர். பையன்கள் காலியான குளிர்பான பாட்டில்களில் தின்னரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். முகமூடிக்கான காசைச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். முதலாளி என் அப்பாவின் நண்பர். மாமா என்றுதான் அழைப்பேன். போன வாரம் அவர் ஒரு தாளை நீட்டி, ‘இரசாயனங்களுக்கான முழுப் பொறுப்பும் என்னுடையது’ என்று கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டுப் பிறகு தீப்பிடித்தால் சிறைக்குப் போவது நானா? மறுத்தால் வேலை போய்விடுமா?
– சாட்ஸ்வொர்த் வாசகர்

பதில்: உங்கள் மாமா நினைப்பதுபோல அந்தத் தாளால் அவர் தப்பிக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் 1993-ஆம் ஆண்டு தொழில்சார் உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் 16-வது பிரிவு இதை நேரடியாகவே பேசுகிறது. நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் தம் கடமைகளில் சிலவற்றை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அப்படி ஒப்படைப்பதால் அவருடைய சொந்தப் பொறுப்பு நீங்காது என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது. பணிச்சூழலை ஆபத்தில்லாமல் வைத்திருக்கும் கடமை 8-வது பிரிவின்படி முதலாளிக்குத்தான்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 14-வது பிரிவு தொழிலாளிக்கும் கடமைகளை வைத்திருக்கிறது: தன் பாதுகாப்பிலும், தன் செயலால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களின் பாதுகாப்பிலும் நியாயமான கவனம் வேண்டும், ஆபத்தான நிலை கண்ணில் பட்டால் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும். இந்தச் சட்டத்தை மீறினால் 50,000 ரேண்ட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆபத்து தெரிந்திருந்தும் வாயைத் திறக்காத போர்மன் என்று நாளை ஒரு வழக்கறிஞர் உங்களைக் கூண்டில் நிறுத்தினால், அந்தக் கையெழுத்து அவருக்கு நல்ல ஆயுதம்.

ஆகவே மாமாவிடம் மூன்று விஷயம் கேளுங்கள். கொள்முதலைக் குறைக்க எனக்கு அதிகாரம் உண்டா? கிடங்கு கட்டப் பணம் ஒதுக்குவீர்களா? ஆபத்து என்றால் வேலையை நிறுத்தச் சொல்லலாமா? அதிகாரமும் இல்லை, பணமும் இல்லை, பொறுப்பு மட்டும் உங்களுக்கு என்றால் அது நியமனமே அல்ல, பலியாடு தேடுவது. ‘முழுப் பொறுப்பும்’ என்ற சொற்களை அடித்துவிட்டு, எந்தெந்த வேலை, எந்த அதிகாரத்தோடு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதித் தேதி போட்டு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தைவிட முக்கியமானது நீங்கள் எழுத வேண்டிய கடிதம். இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில்தான் பாதுகாப்புப் பிரதிநிதி கட்டாயம். உங்கள் பட்டறையில் பதினான்கு பேர் என்பதால் நேரே முதலாளிக்கே எழுதுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் போதும். 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்புச் சட்டம் அதையும் எழுத்தாகவே ஏற்கிறது. மரியாதையோடு எழுதலாம், ‘மாமா’ என்றே தொடங்கலாம். விஷயம் மட்டும் மழுப்பலாக இருக்கக் கூடாது.

அதில் முதலில் வர வேண்டியது ஜெனரேட்டர். தின்னரில் பெரும்பாலும் டொலுயீனும் அசிட்டோனும் போன்ற கரைப்பான்கள் இருக்கும். டொலுயீன் 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவியை விடும். டர்பனின் ஜூலை இரவுகூட அதைவிட வெதுவெதுப்பானது. அசிட்டோனுக்குச் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரியே போதும். அந்த ஆவி காற்றைவிட இரண்டு, மூன்று மடங்கு கனம். மேலே போய்க் கலையாமல் தரையோடு தவழ்ந்து போகும், ஒரு பொறி கிடைக்கும் இடம் வரை. உங்கள் நடைவழியில் அந்தப் பொறி எங்கே இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. காலிப் பீப்பாய் என்று அலட்சியமாகவும் விடாதீர்கள். உள்ளே திரவம் தீர்ந்த பிறகும் ஆவி நிறைந்திருக்கும், அதன்மேல் வெல்டிங் பொறி பட்டால் வெடிக்கும். உலோகப் பீப்பாயிலிருந்து ஊற்றும்போது நிலைமின்சாரம் உண்டாகும், அதனால் பீப்பாயையும் வாங்கும் உலோகப் பாத்திரத்தையும் கம்பியால் இணைத்துத் தரையோடு சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் இதைச் செய்யவே முடியாது.

சட்டம் இதற்கென்று தனியாக விதி வைத்திருக்கிறது: 1986-ஆம் ஆண்டின் பொதுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளில் 4-வது விதி. வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாளைக்குத் தேவையான அளவுதான் இருக்கலாம். மீதி, இரண்டு மணி நேரம் நெருப்பைத் தாங்கும் கட்டுமானமுள்ள, ஆவி தேங்காமல் வெளிக்காற்றோட்டம் உள்ள, சிந்தினால் வெளியே ஓடாத கிடங்கில் இருக்க வேண்டும். பாத்திரங்கள் மூடியே இருக்க வேண்டும். புகைபிடிக்கக் கூடாது, தீயணைப்புக் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நடைவழி கிடங்கு ஆகாது. தீப்பிடித்தால் உங்கள் பையன்கள் ஓடி வெளியேற வேண்டிய வழியே அதுதானே? ‘வெளியே ஓடாத’ என்பதைச் சிலர் சில்லறை விஷயம் என்று நினைக்கிறார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் கோர்னுபியாவில் வேளாண் இரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்தபோது, அங்கிருந்து வழிந்த நஞ்சு ஓலாங்கா ஆற்றில் கலந்து கடல்வரை போனதை டர்பன்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குளிர்பான பாட்டில் இன்னும் மோசம். 2021-ஆம் ஆண்டு அபாயகர இரசாயன ஒழுங்குவிதிகளின்படி வேறு பாத்திரத்தில் ஊற்றினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்ற லேபிள் வேண்டும். தாகத்தில் ஒருவன் எடுத்துக் குடித்துவிட்டால் எந்தச் சட்டப் புத்தகமும் உதவாது. விற்பவரிடம் 16 தலைப்புகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அவர் தந்தே ஆக வேண்டும்.

முகமூடிக் காசு: பிடித்தது தவறு. பாதுகாப்புக்காக முதலாளி கொடுக்க வேண்டிய பொருளுக்குச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது என்று அதே 1993 பாதுகாப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு தடுக்கிறது. கொடுத்தது தூசி முகமூடியாக இருந்தால் அதுவும் வீண்; கரைப்பான் ஆவியைத் துணி தடுக்காது.

மறுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுரங்கத் தொழிலாளிக்கு ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறும் உரிமையை 1996-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டம் வெளிப்படையாகவே தருகிறது. பட்டறைத் தொழிலாளிக்குப் பொருந்தும் 1993 சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. இது சட்டத்தின் குறை என்பதே என் கருத்து. ஆனாலும் 14-வது பிரிவு கீழ்ப்படியச் சொல்வது சட்டபூர்வமான கட்டளைகளுக்குத்தான். ஆகவே ‘வேலை செய்ய மாட்டேன்’ என்று எழுதாதீர்கள். ‘ஜெனரேட்டர் ஓடும்போது அங்கே தின்னர் ஊற்ற மாட்டேன், வேறு எந்த வேலையும் செய்யத் தயார்’ என்று எழுதுங்கள். இந்த வித்தியாசம் பின்னால் வழக்கில் பெரிதாக நிற்கும்.

தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்கவோ சம்பளத்தைக் குறைக்கவோ கூடாது (26-வது பிரிவு). மீறி நீக்கினால் 30 நாளுக்குள் சி.சி.எம்.ஏ. சமரச ஆணையத்திடம் போங்கள், கட்டணம் இல்லை. ஆபத்தை வெளிப்படுத்தியதற்காகவே நீக்கினார்கள் என்று நிரூபணமானால் 24 மாதச் சம்பளம் வரை இழப்பீடு கிடைக்கலாம். இத்தனையும் சொன்னாலும், சொந்தக்காரர்போலப் பழகும் முதலாளியிடம் முதலில் பேசிப் பார்ப்பதே நல்லது. டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சியின் தீயணைப்புத் துறை அனுமதி இவ்வளவு தின்னருக்கு இருக்கிறதா, இல்லாவிட்டால் காப்பீட்டு நிறுவனம் பணம் தருமா என்று மெல்லக் கேளுங்கள். பல முதலாளிகளின் காதில் சட்டத்தைவிட இன்சூரன்ஸ் சீக்கிரம் ஏறும்.

கடைசியாக, யாருக்காவது தீக்காயம் பட்டால் இங்கே முதலாளிமீது நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. 1993-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 35-வது பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. அந்தச் சட்டத்தின்கீழ் உள்ள இழப்பீட்டு நிதியத்திடம்தான் கேட்க வேண்டும். முதலாளியின் அலட்சியம் காரணமென்றால் 56-வது பிரிவின்கீழ் கூடுதல் தொகை கேட்கலாம், அதற்கு நீங்கள் எழுதிய அந்தக் கடிதமே சாட்சி. காயம்பட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே ‘வேலையில் நடந்தது’ என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். ‘வீட்டு அடுப்பில் பட்டது’ என்று சொல்லும்படி யார் கேட்டாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.