கண்ணாடிச் செருப்பு முதல் காலோய் மீன் வரை: தேவதைக் கதை நாவல்கள் பற்றிய கேள்வி பதில்

பழைய தேவதைக் கதைகளை இளையோருக்காக நாவலாக விரித்து எழுதிய புத்தகங்கள் பற்றி, கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உள்ள பெற்றோர், ஆசிரியர், மாணவர்கள் கேட்ட கேள்விகளும் டீச்சர் தந்த பதில்களும்.

செந்தூல், ஆண்டு 4 மாணவியின் அம்மா: டீச்சர், மகள் சிண்ட்ரெல்லா படத்தை மனப்பாடமா பார்த்துட்டா. இப்ப கதைப் புத்தகம் பெருசா வேணும்னு கேட்கிறா. எதுல ஆரம்பிக்கிறது?

பிலிப் புல்மன் எழுதிய 'ஐ வாஸ் எ ரேட்!' (1999). சின்னப் புத்தகம், படங்களும் உண்டு. ஆனால் அதைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் பழைய கதையைச் சொல்லிவிடுங்கள். படம் பழைய கதை ஆகாது. படம் 1950இல் வந்தது, பிரெஞ்சுக்காரர் பெரோ கதையை அச்சிட்டது 1697இல்.

பெரோவின் கதையில் பூசணி வண்டியாகிறது, சுண்டெலிகள் குதிரைகளாகின்றன, பல்லிகள் சேவகர்களாகின்றன, ஒரு பெரிய எலி வண்டிக்காரனாகிறது. இதைத் தமிழிலேயே பத்து நிமிடம் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மணி பன்னிரண்டு அடிச்சப்போ அந்த எலி வேற எங்கயாவது விளையாடப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" பதில் சொல்லாமல் விளக்கை அணைத்துவிடுங்கள். மறுநாள் இரவு முதல் அத்தியாயம். செருப்புத் தைக்கும் தாத்தாவும் துணி வெளுக்கும் பாட்டியும் வீட்டில் இருக்கிறார்கள். கதவு தட்டும் சத்தம். கிழிந்த அரண்மனைச் சீருடையில் ஒரு பையன் நின்றுகொண்டு, "நான் எலியாக இருந்தேன்" என்கிறான். முந்தின இரவு கேள்வி கேட்டிருந்தால் மகள் அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

இடையிடையே செய்தித்தாள் பக்கங்கள் வரும். விளம்பரம் என்று நினைத்துப் பிள்ளைகள் தாண்டிப் போவார்கள். தாண்ட விடாதீர்கள். ஊரே அந்தப் பையனைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அந்தப் பக்கங்களில்தான் மாறிக்கொண்டே வருகிறது.

பட்டர்வொர்த்: 'எல்லா எஞ்சான்டட்' படம் பார்த்தாச்சு. புத்தகமும் படிக்கணுமா?

கட்டாயம் படிக்க வேண்டும். 2004இல் வந்த படமும் கேல் கார்சன் லெவின் 1997இல் எழுதிய நாவலும் பேரளவில்தான் சொந்தம்.

இந்த வகை நாவலில் நல்லது எது, சும்மா நீட்டியது எது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பழைய கதையில் ஒரு ஓட்டை இருக்கும். நல்ல நாவல் அந்த ஓட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கும். சிண்ட்ரெல்லா கதையின் ஓட்டை, அவள் ஏன் சித்தி சொன்னதையெல்லாம் வாய் பேசாமல் செய்தாள் என்பது. லெவின் சொல்லும் பதில்: பிறந்தபோதே ஒரு தேவதை அவளுக்குக் 'கீழ்ப்படிதல்' என்ற வரத்தைக் கொடுத்துவிட்டது. யார் கட்டளையிட்டாலும் செய்தே ஆக வேண்டும். மறுத்தால் தலை சுற்றும், குமட்டும், உடம்பு வலிக்கும். சித்தியின் மூத்த மகள் இதை மோப்பம் பிடிக்கும் இடத்திலிருந்து புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. சிறுவர் நூல்களுக்கான அமெரிக்க விருதான நியூபெரியில் 1998இல் கௌரவ விருது கிடைத்த நூல். 10 வயதிலிருந்து படிக்கலாம்.

பாயான் லெப்பாஸ், படிவம் 2 மாணவன்: டீச்சர், இதெல்லாம் பொண்ணுங்க புக்தானே?

தம்பி, ஆடம் கிட்விட்ஸின் 'எ டேல் டார்க் அண்ட் கிரிம்' (2010) எடுத்து முதல் இருபது பக்கம் படித்துவிட்டு வாங்க. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்த நாட்டுப்புறக் கதைகளில் 'விசுவாசமுள்ள ஜான்' என்று ஒரு கதை உண்டு. வேலைக்காரனை உயிர்ப்பிக்க ஓர் அரசன் தன் இரண்டு பிள்ளைகளின் தலையை வெட்டுகிறான். அவர்கள் திரும்ப உயிர் பெற்றதும் எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று கதை முடிகிறது. அந்தப் பிள்ளைகள் அப்பாவை எப்படி மன்னித்தார்கள்? கிட்விட்ஸ் அந்தப் பிள்ளைகளுக்கு ஹான்சல், கிரெட்டல் என்று பெயர் வைத்து வீட்டை விட்டு ஓடவைக்கிறார்.

ஆயர் ஈத்தாம், ஆசிரியை: இடைநிலைப்பள்ளி வாசிப்புக் குழு, எட்டு மாணவர்கள், ஆறு வாரம். ஒரு நாவலை எப்படிக் கொண்டுபோவது?

ஷானன் ஹேலின் 'தி கூஸ் கேர்ல்' (2003) எடுங்கள். ஏறக்குறைய 400 பக்கம். முதல் வாரம் நாவலைத் திறக்கவே வேண்டாம். கிரிம் கதையை மட்டும் படியுங்கள், நாலைந்து பக்கம்தான்.

கதை இது: கல்யாணத்துக்காக வெளிநாடு போகும் இளவரசியை வழியில் தோழி மிரட்டி, உடையையும் குதிரையையும் பிடுங்கிக்கொள்கிறாள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் வாங்கிவிடுகிறாள். போன இடத்தில் தோழி இளவரசியாகிறாள், இளவரசி வாத்து மேய்க்கிறாள். பேசும் குதிரை ஃபலாடாவின் தலையை வெட்டி நகர வாசலில் ஆணியடித்து மாட்டுகிறார்கள். கூட மேய்க்கும் பையன் இவளுடைய தங்க முடியைப் பிடுங்க வரும்போது இவள் ஒரு பாட்டுப் பாடுகிறாள்: காற்றே வீசு, அவன் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போ. காற்று வீசுகிறது, அவன் தொப்பி பின்னால் ஓடுகிறான், அவள் தலையைச் சீவிப் பின்னிக்கொள்கிறாள்.

இங்கே வகுப்பை நிறுத்துங்கள். ஆளுக்கொரு தாள் கொடுத்து, 'கதை சொல்லாமல் விட்டது என்ன?' என்று மூன்று கேள்வி எழுதச் சொல்லுங்கள். எட்டுப் பேருக்கு இருபத்து நாலு கேள்வி. பெரும்பாலும் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, இளவரசிக்குக் காவலர்களே இல்லையா, ஒரு தோழியால் எப்படி இது முடிந்தது? இரண்டு, காற்று ஏன் அவள் பேச்சைக் கேட்டது? ஹேலின் நாவல் முழுவதும் இந்த இரண்டு கேள்விகள்மேல்தான் நிற்கிறது. அவருடைய உலகத்தில் சிலருக்கு மனிதர்களை வசியப்படுத்தும் பேச்சு வரும், சிலருக்கு மிருகங்களோடு பேச வரும், சிலருக்குக் காற்று, நெருப்பு போன்றவற்றின் பேச்சு வரும். தோழிக்கு முதல் வகை. அவள் பயணத்திலேயே காவலர்களில் பாதிப் பேரைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறாள். இளவரசி அனிக்குப் பறவைகளின் பேச்சு சின்ன வயதிலேயே வரும். காற்றின் பேச்சை அவள் மெதுவாக, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொள்கிறாள். கிரிம்மில் நாலு வரிப் பாட்டாக இருந்ததிலிருந்து ஒரு பெண் வளர்ந்து ஆளாகும் கதையையே எடுத்திருக்கிறார்.

மீதி ஐந்து வாரம், வாரம் 80 பக்கம். சறுக்கும் இடம் முதல் சில அத்தியாயங்கள்தான்: அரண்மனை, அத்தை, சின்ன வயசு என்று நிதானமாகப் போகும். அதை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் எட்டில் மூன்று பேர் காணாமல் போவார்கள். நீங்களே வகுப்பில் வாய்விட்டுப் படித்துக் காட்டுக்குள் நுழையும் இடம் வரை கொண்டுபோய் விடுங்கள். அதற்குப் பிறகு அவர்களே ஓடுவார்கள். முதல் வாரத்துத் தாள்களைப் பத்திரமாக வைத்திருந்து கடைசி வாரம் திருப்பிக் கொடுங்கள். எந்தக் கேள்விக்கு நாவல் பதில் சொன்னது, எதற்குச் சொல்லவில்லை என்பதுதான் அன்றைய பேச்சு.

செராஸ்: 7 வயசுப் பையன், எதுல ஆரம்பிக்கலாம்?

ஏழு வயதுக்கு நாவல் வேண்டாம். பழைய கதைகளையே சொல்லுங்கள். அது இல்லாமல் மேலே எதுவும் கட்ட முடியாது.

கிள்ளான்: கண்ணாடிச் செருப்பு என்பதே மொழிபெயர்ப்புப் பிழையாமே? உண்மையில் அணில் தோல் செருப்பு என்று படித்தேன்.

பிரெஞ்சில் கண்ணாடிக்கும் ஒருவகை அணில் தோலுக்கும் சொல் ஒரே மாதிரி ஒலிக்கும். அதை வைத்து 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஊகம் இது. நாவலாசிரியர் பால்சாக்கும் அதைச் சொன்னார். பெரோவின் 1697 அச்சிலேயே 'கண்ணாடி' என்றுதான் இருக்கிறது. கிரிம்மில் தங்கச் செருப்பு.

பிறை: சிண்ட்ரெல்லாவே நம்ம பக்கத்துக் கதைதான் டீச்சர். பாவாங் பூத்தே பாவாங் மேரா. நல்ல பொண்ணு பூத்தே, கெட்டவ மேரா.

கெப்போங்: தப்பு! மேராதான் நல்லவ. 1959 மலாய்ப் படத்துலயே அப்படித்தான்.

பிறை: என் மகள் புத்தகத்துல பூத்தேதான் நல்லவ. இப்பவும் கையில வச்சிருக்கேன்.

சண்டை வேண்டாம், இரண்டு பேர் சொல்வதும் சரி. மலேசியாவில் சொல்லும் கதையில் மேரா நல்லவள். இந்தோனேசியாவில் பூத்தே நல்லவள். பிறைக்காரர் அச்சிட்ட நாடு எது என்று பின்பக்கத்தில் பாருங்கள்.

இதைவிட முக்கியம் மீன். நம் மேராவின் அம்மா இறந்து குளத்தில் காலோய் மீனாக வருகிறாள். மகள் கூப்பிட்டால் மேலே வரும். சித்தி அந்த மீனைப் பிடித்துச் சமைத்துவிடுகிறாள். மகள் முள்ளைப் பொறுக்கிப் புதைக்கிறாள், அங்கே மரம் முளைக்கிறது, மரத்தில் ஊஞ்சல். அவள் பாடினால்தான் ஆடும், வேறு யார் பாடினாலும் ஆடாது. இளவரசன் அவளை அடையாளம் காண்பது அப்படித்தான். அதாவது செருப்பின் வேலையை இங்கே ஊஞ்சல் செய்கிறது.

இதோடு சீனத்து யே ஷியான் கதையை வைத்துப் பாருங்கள். 9ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்தது. அங்கேயும் ஒரு மீன். சித்தி அந்தப் பெண்ணின் உடையை மாட்டிக்கொண்டு போய் மீனை ஏமாற்றிக் கொல்கிறாள். எலும்பை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டால் கேட்டது கிடைக்கும். தங்கச் செருப்பும் அங்கே உண்டு, பெரோவுக்கு 800 வருஷத்துக்கு முன்னாலேயே. இந்தக் கதையை டோனா ஜோ நேப்போலி 'பவுண்ட்' (2004) என்ற நாவலாக்கியிருக்கிறார், மிங் காலத்து வட சீனாவில் நடப்பதாக. நல்ல மாப்பிள்ளை கிடைக்கச் சித்தி தன் சொந்த மகளின் பாதங்களைக் கட்டுகிறாள். சின்னப் பாதத்துக்கு அளவெடுத்த செருப்பு என்றால் என்ன என்பது அந்தப் பக்கங்களில் வலியோடு புரியும். அதனால் 13 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள்.

கெப்போங்: அப்போ எது முதல் கதை? சீனத்திலிருந்து இங்க வந்ததா?

எழுத்தில் முந்தியது யே ஷியான். வாயில் எது முந்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளிடம் அதைக் கேட்பதைவிட, இரண்டு கதையையும் சொல்லி 'மீன் ஏன் சாக வேண்டியிருக்கு?' என்று கேளுங்கள்.

பிறை: ஆனாலும் பூத்தேதான்…

அம்மா, அது முடிந்தது. அடுத்த கேள்வி.

பிரிக்பீல்ட்ஸ்: மலிவு விற்பனையில் ராபின் மெக்கின்லி புத்தகங்கள் ஒரு கட்டு கிடைச்சது. மகளுக்கு வயசு 11. அப்படியே கொடுக்கலாமா?

நிறுத்துங்கள். அந்தக் கட்டில் 'டியர்ஸ்கின்' (1993) இருந்தால் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பெரோவின் 'கழுதைத்தோல்' கதையிலிருந்து வந்தது. தந்தை மகளுக்குச் செய்யும் பாலியல் வன்கொடுமை அதில் நேரடியாக வருகிறது. பெரியவர்களுக்கான நாவல் அது. எழுத்தாளர் பெயரைப் பார்த்து அலமாரியில் அடுக்குவதால் சிறுவர் பகுதிக்குள் வந்துவிடும் புத்தகங்களில் ஒன்று. பெயரை நம்பாமல், பின்னட்டையை நம்பாமல், எந்தக் கதையிலிருந்து எழுதியது என்று முதலில் பாருங்கள்.

'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' கதையிலிருந்து அவர் எழுதிய 'பியூட்டி' (1978) மகளுக்கு இன்னும் ஒரு வருஷம் கழித்துக் கொடுக்கலாம். வழக்கமாகப் பொறாமை பிடித்த அக்காள்கள் அதில் பாசமானவர்கள். அதனால் தங்கை மாளிகைக்குப் போவது தப்பித்து ஓடுவதாக இல்லாமல் பிரிவாகிவிடுகிறது. அதே கதையை அவர் 1997இல் 'ரோஸ் டாட்டர்' என்று இன்னொரு முறை எழுதினார். முதலில் எழுதியதே பிள்ளைகளுக்கு ஏற்றது.

பூச்சோங்: லிட்டில் மெர்மெய்ட் ஒரிஜினல் நாட்டுப்புறக் கதை எந்த நாட்டுடையது?

நாட்டுப்புறக் கதை இல்லை. ஆண்டர்சன் 1837இல் தானே எழுதியது.

ஜெலுத்தோங்: 9 வயசு மகன், எதுல ஆரம்பிக்கிறது டீச்சர்?

மேலே செந்தூல் கேள்வியைப் படியுங்கள். பழைய கதை முதலில்.

அம்பாங், படிவம் 4 மாணவி: ரோபோ, விண்வெளி மாதிரி ஏதாவது?

மரிசா மேயரின் 'சிண்டர்' (2012). புதிய பெய்ஜிங்கில் பாதி இயந்திர உடம்போடு இருக்கும் மெக்கானிக் பெண். மொத்தம் நாலு பாகம், வரிசை மாறாமல் படிக்கவும்.

ஜார்ஜ் டவுன்: நம்ம நாட்டுல நடக்கிற மாதிரி ஒண்ணாவது உண்டா?

உண்டு, அருமையான ஒன்று. ஹன்னா அல்காஃப் எழுதிய 'ஹம்ரா அண்ட் தி ஜங்கிள் ஆஃப் மெமரீஸ்' (2023). சிவப்புத் தொப்பிக்காரி கதை லங்காவியில் நடக்கிறது. ஓநாய்க்குப் பதில் புலி. பாட்டிக்கு மறதி நோய். காட்டில் கேட்காமல் ஒரு ஜம்பு பழத்தைப் பறித்துவிடுவதில் பிரச்சினை தொடங்குகிறது. காட்டுக்குள் போனால் அனுமதி கேட்காமல் எதையும் தொடாதே என்று நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள் அல்லவா? அதனால் இங்குள்ள பிள்ளைக்கு இந்தக் கதையில் எதையும் விளக்க வேண்டியதில்லை. 10 வயதிலிருந்து கொடுக்கலாம்.

சுங்கை பூலோ: தமிழில் இப்படி நாவல்கள் இல்லையா?

கையில் கொடுக்கும் அளவுக்கு மிகக் குறைவு. ஆனால் மூலக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. கி. ராஜநாராயணன் தொகுத்த 'நாட்டுப்புறக் கதைக் களஞ்சியம்' இருக்கிறது. நீங்கள் முதலில் படித்துப் பிள்ளைகளுக்கு ஆனதைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள், எல்லாக் கதையும் அவர்களுக்கானது இல்லை. ஆங்கில நாவல் படிக்கும்போதும் பழைய கதையைத் தமிழில் சொல்லுங்கள். வீட்டு மொழியில் கேட்ட கதை மனதில் இருந்தால், நாவலின் ஆங்கிலம் கொஞ்சம் கடினமாக இருந்தாலும் பிள்ளை விடாது.

புக்கிட் மெர்தாஜாம்: பழைய கதை முதலில் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். எங்கே கிடைக்கும்? கடையில் இருப்பதெல்லாம் படப் புத்தகம்.

மார்கரெட் ஹன்ட் 1884இல் செய்த கிரிம் ஆங்கில மொழிபெயர்ப்பு 'புராஜெக்ட் குடன்பர்க்' தளத்தில் இலவசம். காசு கொடுத்து வாங்கினால் 'அப்ரிட்ஜ்டு' (சுருக்கியது) என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேண்டாம். கிரிம் சகோதரர்களே பதிப்புக்குப் பதிப்பு மாற்றியிருக்கிறார்கள். 1812 முதல் பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்லச் சொல்வது பெற்ற தாய், பிறகுதான் சித்தியாக்கினார்கள். இன்று பெரும்பாலும் கையில் கிடைப்பது 1857 கடைசிப் பதிப்பு. பிள்ளைகளுக்கு அது போதும்.

பெயர் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும் என்பதால் கதை எண்ணை வைத்துத் தேடுங்கள்: விசுவாசமுள்ள ஜான் 6, ராபன்ஸல் 12, சிண்ட்ரெல்லா 21, ஸ்னோ ஒயிட் 53, வாத்து மேய்க்கும் பெண் 89.