குறிஞ்சியின் தங்கைக்கு என்ன பெயர்?

கேள்வி: மூத்தவள் 2018-இல் மலையெல்லாம் குறிஞ்சி பூத்துக் கிடந்த சமயம் பிறந்தாள், குறிஞ்சி என்றே வைத்துவிட்டோம். இப்போது இரண்டாவதும் பெண். ரோகிணி நட்சத்திரம், ஓ, வா, வி, வு இந்த எழுத்துகளில்தான் வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். போனில் தேடினால் அர்த்தமே புரியாத பெயர்களாக வருகின்றன. அக்கா பெயரோடு சேர்கிற மாதிரி ஒன்று சொல்லுங்களேன்.
- வாசகி, கொடைக்கானல்

பதில்: போனைக் கீழே வையுங்கள் அம்மா, குறிஞ்சி இருக்கும் இடத்திலேயே தங்கையும் இருக்கிறாள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிறார். அருவியில் குளித்த பெண்கள் பறித்து வந்து பாறையில் குவிக்கிற பூக்கள் அவை. காந்தளில் தொடங்கும் அந்த வரிசையில் குறிஞ்சியும் உண்டு, உங்களுக்கு வேண்டிய எழுத்தில் வாகை, வானி, வள்ளி, வஞ்சி என்று நான்கு பெயர்களும் உண்டு (வகரத்துக்கும் வாகாரத்துக்கும் பெரும்பாலும் வித்தியாசம் பார்ப்பதில்லை, மாமியாரிடம் தைரியமாகச் சொல்லலாம்).

வாகை, ஜெயித்தவர்கள் சூடிய பூ. வாகை சூடினான் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது. வானி ஒரு பூவின் பெயர், நீலகிரியில் பிறந்து இறங்கும் பவானி ஆற்றுக்கும் பழைய பெயர் வானிதான் என்பார்கள். ஆனால் எல்லோரும் அதை வாணி என்றே எழுதுவார்கள், நீங்கள் காலம் முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். வஞ்சி அழகான கொடி, சேரர் தலைநகரின் பெயரும்கூட, இருந்தாலும் வஞ்சித்தல் என்ற சொல் பக்கத்திலேயே நிற்பதால் எனக்கு மனசு வரவில்லை. என்னைக் கேட்டால் வள்ளி. மலையில் தினைப்புனம் காத்த பெண், குறிஞ்சி நிலத்துத் தெய்வமான முருகனைக் கைப்பிடித்தவள். பழைய பெயராச்சே என்று தயங்காதீர்கள், வாசலில் நின்று குறிஞ்சி, வள்ளி என்று இரண்டு பேரையும் சேர்த்து ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். 2030-இல் மறுபடி குறிஞ்சி பூக்கும்போது பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, இரண்டு பேரையும் கையைப் பிடித்து மலைக்குக் கூட்டிப்போய் அவரவர் பெயர்க்கதையைச் சொல்லலாம்.

அப்புறம் இந்த நட்சத்திர எழுத்து விஷயம். அது வடமொழி எழுத்துகளை வைத்துப் போட்ட கணக்கு. பரணிக்கு லி, லு, லே, லோ என்று இருக்கும், தமிழ் இலக்கணப்படி லகரத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது, அதனால்தான் அந்தக் காலத்தில் இலட்சுமி என்று முன்னால் ஓர் இகரம் போட்டு எழுதினார்கள். பரணியில் பிறந்த குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் தேடி அலைந்து ஓய்ந்து போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் அந்த எழுத்தில் ஒரு பெயரைக் காதில் மட்டும் சொல்லிவிட்டு, கூப்பிட நல்ல தமிழ்ப் பெயராக வைத்துக்கொள்ளலாம், ஒரு குறையும் வராது. உங்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை.

கேள்வி: மகனுக்கு என் மாமனார் பெயரான குழந்தைவேல் என்பதையே வைக்க வேண்டும் என்கிறார் கணவர். பள்ளியில் 'குழந்தை, குழந்தை' என்று கேலி செய்வார்களே என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, பூம்பாறை

பதில்: பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான், தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்று அர்த்தம். உங்கள் கணவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதுவும் உங்கள் ஊர்ச் சாமியே குழந்தை வேலப்பர், தேர் இழுக்கும் ஊரில் அந்தப் பெயரை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உங்கள் பயமும் சும்மா இல்லை, பள்ளிக்கூடத்தில் அனுபவிக்கப் போவது பிள்ளைதானே. வேலன் என்று வையுங்கள். தாத்தா பெயரும் அதில் இருக்கிறது, சாமி பெயரும் இருக்கிறது, சங்கப் பாட்டில் முருகனுக்காக வெறியாடுகிற, அதாவது சாமி வந்து ஆடுகிற பூசாரிக்கும் வேலன் என்றுதான் பெயர். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று பேரனை 'ஐயா', 'பெரியவரே' என்று கூப்பிட்ட வீடுகள் நம் பக்கம் நிறைய, உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள், அது தனி அழகு.

கேள்வி: பேகன் என்று மகனுக்கு வைக்க ஆசை. ஆங்கிலத்தில் எழுதினால் வேறு அர்த்தம் வருகிறது என்கிறார்கள் நண்பர்கள்.
- வாசகர், பண்ணைக்காடு

பதில்: மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துத் தன் போர்வையை எடுத்துப் போர்த்திய மனிதன், கடையெழு வள்ளல்களில் ஒருவன், உங்கள் மலைக்காரன். பழனியின் பழைய பெயரான பொதினி அவனுடைய ஆவியர் குடிக்குச் சொந்தமான ஊர். தாராளமாக வையுங்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ககரத்துக்கு 'ஹெச்' போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது, நாம் உச்சரிப்பதும் கிட்டத்தட்ட பேஹன் என்றுதானே. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அவன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி இல்லை, இவள் வேறு) பிரிந்து போனவன், அவளிடம் திரும்பிப் போ என்று கபிலர், பரணர் உட்பட நான்கு புலவர்கள் அவனிடம் கேட்ட பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. பையன் வளர்ந்து தானாகப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் மயில் கதையோடு இதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பெயர் முடிவாகாமலே பிறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். இனி சேர்க்க முடியுமா?
- வாசகர், தாண்டிக்குடி

பதில்: முடியும். பிறந்ததை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், பெயரை 12 மாதம் வரை கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்க இடம் இருக்கிறது. அதனால் அவசரப்பட்டு ஏதோ ஒரு பெயரைக் கொடுத்துவிட வேண்டாம். கொடுக்கும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் தெளிவாக ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள், சான்றிதழை வாங்கியதும் அங்கேயே நின்று ன, ண, ல, ள, ழ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.