பாம்பன் தீவில் படமெடுத்துப் பிழைப்பது: கேள்வி பதில்

பாம்பனில் பிறந்தவன் நான். பதினான்கு ஆண்டுகளாக எந்த நிறுவனத்திலும் மாதச் சம்பளம் வாங்காமல் இந்தத் தீவையும் இங்குள்ள பிழைப்புகளையும் படமெடுத்து வருகிறேன். இது தொடர்பாக வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: மூன்று நாள் தங்கி மீனவர் வாழ்க்கையைப் படமெடுக்க வருகிறேன். எப்போது வந்தால் நல்லது, அண்ணன்?

கிழமை பார்த்து வாருங்கள் தம்பி. ராமேஸ்வரத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாட்களில்தான் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. காலையில் போகும் விசைப்படகு ராத் தங்கி மறுநாள்தான் திரும்பும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் துறைமுகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. இந்தக் கணக்குத் தெரியாமல் திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்து இறங்கி, "ஒரு மீனையும் காணோமே" என்று நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். "அப்போது எதற்கு வருவது?" என்பார்கள். நான் அதிகம் படமெடுப்பதே அந்த நாட்களில்தான். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவார்கள், வண்ணம் பூசுவார்கள், கிழிந்த வலையை விரித்துப் போட்டுச் சரிசெய்வார்கள். அவசரம் இல்லாத மனிதர்கள் கிடைப்பது அப்போதுதான். அவர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வலையில் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். கடல் அட்டையும் கடல் குதிரையும் 2001இலிருந்து பிடிக்கத் தடை செய்யப்பட்டவை. தவறி வலையில் வந்ததை மீனவர் அடுத்த நொடி கடலிலேயே விட்டிருப்பார். உங்கள் படத்தில் அது என்றைக்கும் அவர் கையிலேயே இருக்கும்.

கோவை வாசகி: நான் வந்த நாள் முழுக்க மணல் காற்று. அமைதியான கடலே கிடைக்கவில்லை.

தப்பான பக்கம் நின்றிருப்பீர்கள். இந்தத் தீவுக்கு இரண்டு கடல் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடா, எங்கள் பேச்சில் ஆண்கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண்கடல். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் ஆண்கடல் கொந்தளிக்கும், பெண்கடல் குளம்போலக் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடை தொடங்கியதும் எல்லாம் தலைகீழ். தனுஷ்கோடிச் சாலையில் நடுவே நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். ஒரு கரை சீறிக்கொண்டிருந்தால் சாலையைக் கடந்து மறுகரைக்குப் போங்கள், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து ஒரு பத்திரிகையாளர்: கடல்பாசி எடுக்கும் பெண்களைப் படமெடுக்க ஆசை. ஒரு நாளில் முடியுமா?

முடியாது. முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் உங்களுக்கு நாடகம் போட்டுக் காட்டப் போகிறார்.

என் சித்தி பாசிக்குப் போகிறவர். அப்படியிருந்தும் முதல் பருவம் முழுக்க நான் கேமராவை வெளியே எடுக்கவில்லை. அவர்கள் போவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும் நாட்களில், மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் அளவில். அந்த வரம்பை அவர்களே வைத்துக்கொண்டார்கள். கையால் மட்டுமே பறிக்க வேண்டும், சுரண்டும் கருவி கூடாது என்பதும் அவர்கள் போட்ட விதிதான். இதை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமிக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது. வந்து இறங்கும் செய்தியாளர்கள் பலருக்கு இது தெரியாது. "ஏழைப் பெண்கள்" என்ற தலைப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

சேலைக்கு மேல் சட்டை, கண்ணில் நீர்க்கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் பிடித்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிப்பார்கள். பாறை விரலை அறுக்கும். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்க்கும் பாசி வேறு. அதைக் கொண்டுவந்த குளிர்பான நிறுவனத்தின் பெயராலேயே இங்கே 'பெப்சி' என்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் படக்குறிப்பு எழுதாதீர்கள். பாசிக்காரப் பெண்கள் பார்த்தால் சிரிப்பார்கள்.

முக்கியமானது ஒன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். பாசிக்குப் போகும் இடம் பற்றி அந்தப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் பல காலமாக இழுபறி இருக்கிறது. பின்னணியில் தீவின் அடையாளம் தெரியும்படி ஒரு முகத்தை வெளியிட்டால் வம்பு அவருக்குத்தான் வரும். நான் முகம் தெரியும் படத்தில் இடத்தைக் காட்டுவதில்லை, இடம் தெரியும் படத்தில் முகத்தைக் காட்டுவதில்லை.

திருச்சி வாசகர்: உப்புக் காற்றிலிருந்து கேமராவை எப்படிக் காப்பாற்றுவது?

முழுதாகக் காப்பாற்ற முடியாது, சாவைத் தள்ளிப்போடலாம். வெளியில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். நான் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றுகிறேன், அருகில் போக வேண்டும் என்ற கட்டாயமும் அதனால் வந்துவிடுகிறது. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. உலர்ந்த துணியால் முதலில் தேய்த்தால் உப்பே கண்ணாடியைக் கீறிவிடும். அப்புறம் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில் வைத்துவிடுங்கள். அரிசி மூட்டைக்குள் வைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிடுதான் உள்ளே போகும். என் முதல் கேமரா ஓர் அலையில் போனது. அன்று அழுதேன், இப்போது பழைய கேமரா ஒன்றை மட்டும்தான் கடலுக்கு எடுத்துப் போகிறேன்.

பெங்களூரிலிருந்து: தனுஷ்கோடி இடிபாடுகளை எல்லாரும் எடுத்துவிட்டார்கள். புதிய கோணம் ஏதாவது?

அந்தத் தேவாலயச் சுவரை இன்னொரு முறை பார்க்க எனக்கே பொறுமை இல்லை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் போன இடம் அது. அந்தச் சுவரில் சாய்ந்து திருமணத்துக்கு முந்தைய படம் எடுக்கச் சொல்லி என்னையும் அழைத்தார்கள். நான் போகவில்லை. போகிறவர்களைக் குறை சொல்லவும் இல்லை, அவரவர் பிழைப்பு.

ஆனால் "ஆளில்லாத பேய் நகரம்" என்று எழுதுகிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த அந்த மணலில் இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இருக்கின்றன. மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் குடிதண்ணீர் மொள்கிறார்கள். விடிகாலையில் கரைவலை இழுக்கிறார்கள். இருபது முப்பது பேர் ஒரே கயிற்றைப் பிடித்து, அம்பாப் பாட்டு பாடிக்கொண்டு பின்னோக்கி நடப்பார்கள். கோணம் கேட்டீர்களே, கயிற்றில் ஒரு கை பிடியுங்கள். அரை மணி இழுத்தபின் எங்கே நிற்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். உள்ளங்கை கொப்பளிக்கும், கேமராவைப் பிடிக்கச் சிரமப்படும், பரவாயில்லை.

ராமநாதசுவாமி கோயிலுக்குள் படமெடுக்கலாமா? (பலர்)

கூடாது. கைபேசியும் கூடாது. அக்னி தீர்த்தக் கரையில் எடுக்கலாம். ஆனால் ஆடி அமாவாசை, தை அமாவாசையில் அங்கே வருகிறவர்கள் அப்பா அம்மாவுக்குத் திதி கொடுக்க வருகிறார்கள். பிண்டம் வைக்கும் கையில் உங்கள் லென்ஸின் நிழல் விழக் கூடாது.

ட்ரோன்? (இதுவும் பலர்)

உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. சிறிய ட்ரோன்தானே என்று பறக்கவிட்டு, நாள் முழுக்கக் காவல் நிலையத்தில் உட்கார்ந்தவரை எனக்குத் தெரியும். எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்து, எழுத்தில் அனுமதி வாங்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள். பாம்பன் பாலத்தைச் சாலைப் பாலத்திலிருந்து பார்த்தாலே போதும். 1914இல் திறந்து, 2022இல் ரயில் நிறுத்தப்பட்ட பழைய பாலத்தின் தூக்கு இரண்டு கையாக விரிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் நடுப்பகுதி மொத்தமாக மேலே எழும்பும்.

நாகர்கோவில் வாசகி: இதில் சோறு கிடைக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

தீவுப் படங்களால் மட்டும் கிடைக்காது. என் வீட்டு அடுப்பு எரிவது திருமணம், காதணி விழா, தேவாலயத் திருவிழா, விடுதிகளின் விளம்பரப் படம் இவற்றால். ஆராய்ச்சியாளர்களும் தொண்டு நிறுவனங்களும் அவ்வப்போது அழைப்பார்கள், அதுதான் நல்ல பணம். பத்திரிகைகள் கடைசி. ஒரு பெரிய இதழ் என் படத்தை முழுப்பக்கம் போட்டுவிட்டு, பணம் கேட்டபோது "பெயர் போட்டிருக்கிறோமே" என்றது. பெயரும் எழுத்துப் பிழையோடு இருந்தது.

சட்டம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாகப் போய் எடுத்த படத்தின் உரிமை உங்களுடையது. பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன படமோ, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவருடையதாகிவிடும். இது தெரியாமல் இரண்டு ஆண்டு உழைப்பை ஒரு நிறுவனத்திடம் விட்டவன் நான். இப்போது முன்பணம் வாங்கும் முன்பே, உரிமை என்னிடம், உங்களுக்கு இன்ன பயன்பாட்டுக்கு, இன்ன காலத்துக்கு உரிமம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். இரண்டு வரி போதும். கையெழுத்திடத் தயங்குகிறவர் பணம் தரவும் தயங்குவார்.

கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா?

போயிருக்கிறேன். பிப்ரவரி, மார்ச் வாக்கில் புனித அந்தோணியார் திருவிழா நடக்கும். முன்கூட்டியே பதிவு செய்து, சோதனை முடித்து, மீனவர் படகில்தான் பயணம். கேமராவைப் பற்றி அந்தந்த ஆண்டு என்ன சொல்கிறார்களோ அதன்படி நடங்கள், வாதாடாதீர்கள். சிலுவைப் பாதையும் இரவுத் தேர்ப்பவனியும் அழகுதான். ஆனால் என் கண் போனது இரு கரைத் தமிழரும் மணலில் உட்கார்ந்து, சோப்பும் மிட்டாயும் மாற்றிக்கொண்டு, உறவு விசாரித்த இடத்துக்கு.

மீனவர்கள் கைதாகும்போது ஊடகங்கள் உங்களை அழைக்குமே?

அழைக்கும். "அழுகிற மனைவி வேண்டும்" என்று வாய்விட்டே கேட்பார்கள். அந்த வீடுகளில் பாதிக்கு நான் தம்பி, மீதிக்கு மருமகன். அந்த வாசலில் கேமராவோடு நிற்க என்னால் ஆகாது. கரையில் நிற்கும் வெற்றுக் கயிற்றையும், நங்கூரமிட்ட மற்றப் படகுகளையும் எடுத்து அனுப்புகிறேன். பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

கடைசியாகத் தஞ்சாவூர் வாசகர்: எடுத்த படங்களை அவர்களிடம் காட்டுவீர்களா?

அச்சுப் போட்டுக் கொடுத்துவிடுவேன், உறையிட்டு. இல்லாவிட்டால் உப்புக் காற்றில் ஒரே மாதத்தில் சுருண்டுவிடும். எனக்குக் கிடைத்த கறாரான விமர்சனம் எல்லாம் அப்படிக் கொடுத்தபோது வந்ததுதான். நான் பெருமையாக நினைத்திருந்த ஒரு படத்தை, தண்ணீரிலிருந்து எழும் பெண்ணின் படத்தை, சித்தியிடம் நீட்டினேன். வெளிச்சத்தைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் கண் வலைப்பையில் நின்றது. "காலிப் பையோடு எடுத்திருக்கிறாயே, இவளுக்கு வேலை தெரியாது என்று நினைக்க மாட்டார்களா? நிரம்பிய பிறகு வந்து எடு" என்றார். அடுத்த அமாவாசைக்குப் போய் எடுத்தேன்.