ரிசார்ட் ஏமாற்றியது, பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் மன்னார்குடி. மே மாதம் கும்பகோணம் பக்கம் ஓர் ஆற்றங்கரை ரிசார்ட்டில் குடும்பத்தோடு இரண்டு ராத்திரி தங்கினோம். விளம்பரத்தில் பார்த்த நீச்சல் குளம் பாசி பிடித்துப் பூட்டிக் கிடந்தது. ஏசி ஓடவில்லை. ஆறு வெறும் மணல். ஏஜென்டிடம் 22,000 ரூபாய் கட்டினோம். இப்போது ரிசார்ட்காரர் ஏஜென்டைக் கைகாட்டுகிறார், ஏஜென்ட் ரிசார்ட்டை. என்ன செய்வது?

பதில்: ஒரு பகுதி கிடைக்க வாய்ப்பிருக்கிறது. தங்கிச் சாப்பிட்டு வந்துவிட்டதால் முழுத்தொகைக்கு ஆசைப்படாதீர்கள்.

முதலில் அந்த விளம்பரத்தை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். புகார் போனதும் பக்கத்தை மாற்றிவிடுவார்கள். பில், பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, எதையும் அழிக்க வேண்டாம்.

ஏஜென்ட் விஷயம்தான் எனக்கு எரிச்சல். நவக்கிரகக் கோயில் டூர் சேர்த்து விற்கும் பலர் பணத்தை வாங்கிக்கொண்டு, பில்லை மட்டும் தர மாட்டார்கள். சண்டை வந்தால் 'நான் வெறும் இடைத்தரகர்' என்பார்கள். இருவரில் யார் பொறுப்பு என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இருவரையும் எதிர்த்தரப்பாகப் போடுங்கள். 'அடுத்த தடவை இலவசம்' என்று கூப்பன் நீட்டி, பிரச்சினை தீர்ந்தது என்று கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள்.

ஆற்றுக்கு வருவோம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடப்படும். மே மாதம் ஆறு காய்ந்திருக்கும் என்பது மன்னார்குடிக்காரருக்குத் தெரியாதா என்று ரிசார்ட் தரப்பு வக்கீல் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் மே மாதப் பேக்கேஜில் 'ஆற்றுக் குளியல், பரிசல் சவாரி' என்று எழுதியே விற்றிருந்தால் கதை வேறு. தண்ணீர் வராது என்பது அவர்களுக்கும் தெரியும் அல்லவா? வெறும் புகைப்படம் மட்டும் என்றால் உங்கள் வாதம் பலவீனம். 'நீர்வரத்தைப் பொறுத்து' என்று ஓரமாகப் போட்டிருந்தால் இன்னும் பலவீனம். அதனால் புகாரில் குளத்தையும் ஏசியையும் முன்னால் வையுங்கள், ஆறு கடைசியில் இருக்கட்டும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் சொல்லிப் பாருங்கள். சில நிறுவனங்கள் அதற்கே இறங்கி வரும். மசியாவிட்டால் இருவருக்கும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ், 15 நாள் கெடு. அப்புறம் நுகர்வோர் ஆணையம். தஞ்சாவூருக்கு அலைய வேண்டாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் திருவாரூர் மாவட்டத்திலேயே போடலாம். கட்டியது 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை, வாசலில் நின்று பங்கு பேசும் ஆட்களை நம்பாதீர்கள். காலக்கெடு 2 வருடம்.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து 3 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பது வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தவறாமல் போய் நில்லுங்கள். நீங்கள் போகாவிட்டால் புகாரையே தள்ளுபடி செய்துவிடலாம்.