எல்லோரும் கை தூக்கியபோது

வணக்கம் சார்,

கோவையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். போன மாதம் எங்கள் அசோசியேஷன் கூட்டத்தில், வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் இனி லிஃப்டில் ஏறக்கூடாது, படியில்தான் வர வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. முன்வரிசையில் நாலைந்து பேர் உடனே கை தூக்கினார்கள். பின்னாலேயே எல்லாக் கைகளும் எழுந்தன. நானும் தூக்கினேன். எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவுக்கு முழங்கால் வலி. நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேர், "இது அநியாயம்தான், என்ன செய்ய?" என்றார்கள். அவர்களும் கை தூக்கியவர்கள். எல்லோரும் படித்தவர்கள். கூட்டமாகச் சேர்ந்தால் மனிதன் ஆட்டு மந்தைதானா சார்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மந்தை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. அந்த இரண்டு பேர் வெளியே வந்து சொன்னார்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். மந்தைக்கு அப்படியொரு உறுத்தல் வராது.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் முன்கூட்டியே சொல்லிவைத்த ஆட்கள். 18 சுற்றுகளில் 12-இல் அவர்கள் ஒரே குரலில் தப்பான கோட்டைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத அந்த ஒருவரின் முறை கடைசியை ஒட்டித்தான் வரும். இப்படி 123 பேர் உட்கார்ந்தார்கள். அந்தச் சுற்றுகளில் அவர்கள் சொன்ன பதில்களில் 36.8 சதவீதம் கூட்டத்தோடு சேர்ந்த தப்பு. பக்கத்தில் ஆளில்லாமல் செய்தால் நூற்றுக்கு ஒரு பதில்கூடத் தப்பாகவில்லை.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிற பலர் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தம். மீதி 63 சதவீதப் பதில்கள் சரியானவை. கால்வாசிப் பேர் ஒரு தடவைகூட வளையவில்லை. வளைந்தவர்களிடமும் ஆஷ் பின்னால் உட்கார்ந்து பேசினார். தன்னிடம்தான் ஏதோ குறை, அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று பயந்தவர்கள் இருந்தார்கள். ஆய்வைக் கெடுக்க வேண்டாமே என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். அடிக்கடி வளைந்தவர்கள் அத்தனை பேரும், தாங்கள் எத்தனை முறை வளைந்தோம் என்பதைக் குறைத்தே சொன்னார்கள். உங்களுக்கு அந்தக் கை இன்னும் உறுத்துகிறது, அது நல்லது.

அந்த மாணவர்களுக்காவது அறையை விட்டு வெளியே போனால் முடிந்தது. உங்களுக்கு நாளைக்கு அதே லிஃப்டில் அதே முகங்கள். கார் நிறுத்த இடம், தண்ணீர் மோட்டார், பிள்ளைகளின் விளையாட்டு என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் தயவு வேண்டும். இந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

ஆனால் பயம் மட்டுமே காரணம் இல்லை. நம் கை ஏன் எழுந்தது என்று நமக்குத் தெரியும்: சங்கடம். பக்கத்துக்காரர் கை எழுந்தால் மட்டும் அவர் மனசார ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொள்கிறோம். அவரும் நம் கையைப் பார்த்து அப்படியே நினைக்கிறார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் குடிப்பழக்கத்தைப் பற்றி 1993-இல் வந்த ஆய்வு ஒன்று இதைத்தான் காட்டியது. தனக்கு அந்தப் பழக்கத்தில் தயக்கம் இருக்கிறது, மற்றவர்களுக்கு அவ்வளவு இல்லை என்றே சராசரி மாணவர் நினைத்துக்கொண்டிருந்தார். உங்கள் கூட்டத்தில் குறைந்தது மூன்று பேருக்கு மனசு ஒப்பவில்லை. மூன்று பேரும் தனித்தனியே தான் ஒருத்தர்தான் என்று நினைத்திருக்கிறீர்கள்.

ஆஷின் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். வரிசையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், கூட்டத்தோடு போகிற தப்பு கால்வாசியாகக் குறைந்தது. இன்னொரு வகையில், அந்த ஒருவர் கூட்டம் சொன்னதைவிட மோசமான தப்பைச் சொன்னார். அப்போதும் தப்பு 9 சதவீதத்துக்கு இறங்கியது! அவர் சரியாகப் பேச வேண்டும் என்றுகூட இல்லை, ஒருமித்த குரல் உடைந்தால் போதும். பதிலை வாயால் சொல்லாமல் தாளில் எழுதச் சொன்னபோதும் வளைவது வெகுவாகக் குறைந்தது. துணைக்கு இருந்தவர் பாதியில் கூட்டத்தின் பக்கம் போய்விட்டால் தப்பு மறுபடி ஏறியது.

ஆகவே இதைச் செய்யுங்கள். அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். நம் வீட்டுச் சாப்பாட்டைச் சமைக்கிற மனுஷிக்கு நம்மோடு லிஃப்டில் நிற்க இடமில்லை என்பது அநீதி. அதை அவர்களிடம் தயங்காமல் இதே சொல்லால் சொல்லுங்கள். தீர்மானத்தை மறுபடி எடுக்க வேண்டும், இந்த முறை கை தூக்காமல் சீட்டில் எழுதிப் போட வேண்டும் என்று மூன்று கையெழுத்தோடு செயலாளரிடம் கொடுங்கள். சீட்டு வேண்டாம் என்று மறுத்தால், முன்வரிசைக் கைகள் எழுவதற்கு முன்னாலேயே எழுந்து பேசிவிடுங்கள். அழகாகப் பேச வேண்டியதில்லை, "எனக்குச் சம்மதமில்லை" என்றால் போதும். அந்த இருவரில் ஒருவர் உடனே எழுந்து "எனக்கும்" என்று சொல்ல வேண்டும். அதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன ஆயிற்று என்று அவசியம் எழுதுங்கள்.

அன்புடன்.