பின்னல் நூலில் வழுக்காத முடிச்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல ஆண்டுகளாக நைலான் நரம்பில் கிளிஞ்ச் முடிச்சு (நுனியை நூலின்மேல் பல சுற்றுச் சுற்றி இறுக்குவது) போட்டுத்தான் மீன் பிடித்து வந்தேன். அண்மையில், மெல்லிய இழைகள் பலவற்றைப் பின்னிச் செய்த பின்னல் நூலுக்கு மாறினேன். அதே முடிச்சு இப்போது கைவிடுகிறது. நூல் மட்டமானதா, முடிச்சு தவறா?

பதில்: நூலைக் குறை சொல்லும் முன், மீன் போன பிறகு கையில் மிஞ்சிய முனையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கொடியின் பற்றுக்கம்பியைப் போல அது சுருண்டிருந்தால், முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது என்று பொருள். இழைகள் பஞ்சாகப் பிரிந்து நின்றால் நூல் தேய்ந்தோ பாறையில் உரசியோ அறுந்திருக்கிறது. உங்கள் விவரிப்பைப் பார்த்தால் முதல் வகையாகவே தெரிகிறது.

டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற வணிகப் பெயர்களில் நாம் அறிந்திருக்கும் ஒருவகைப் பாலிஎத்திலீன் இழைகளைக் கொண்டுதான் இன்றைய பின்னல் நூல்களில் பெரும்பாலானவை பின்னப்படுகின்றன. மிகுந்த வலிமையும் மிகக் குறைந்த உராய்வும் இந்த இழையின் இரட்டைப் பிறவிக்குணங்கள். நைலான் நரம்பை இறுக்கும்போது அது சற்றே நசுங்கித் தன்னைத்தானே கவ்விக்கொள்ளும். பின்னல் நூலோ நசுங்கினாலும் கவ்வாது. போதாக்குறைக்கு, அதே பலமுள்ள நைலானைவிட அது பல மடங்கு மெலிந்தது என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் உரசும் பரப்பும் குறைவு. ஆகவே நைலானுக்கு ஐந்து சுற்றில் நின்ற கிளிஞ்ச் முடிச்சு இங்கே நிற்பதில்லை. நூலை இரட்டையாக மடித்துப் போடும் முடிச்சு, அல்லது சுற்றுகளைக் கூட்டிப் போடும் முடிச்சு: தீர்வு இந்த இரண்டில் ஒன்றுதான்.

கேள்வி: ஒரே ஒரு முடிச்சைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

பதில்: தயக்கமின்றிச் சொல்வேன், பாலோமர். நூலை ஒரு சாண் அளவுக்கு மடித்து, மடிப்பை முள்ளின் கண்ணுக்குள் நுழையுங்கள். அந்த இரட்டை நூலைக் கொண்டே ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, முள்ளை நடுவில் தொங்கவிடுங்கள். பிறகு மடிப்பின் கண்ணியை விரித்து முள் முழுவதையும் அதற்குள் செலுத்தி, எச்சிலாலோ நீராலோ நனைத்து, பிரதான நூலையும் வாலையும் (முடிச்சுக்கு வெளியே மிஞ்சும் நுனியையும்) சேர்த்து மெல்ல இழுங்கள்.

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். இரட்டை நூலின் இரு இழைகளும் அருகருகே ஒட்டி ஓடாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால், இறுகும்போது மேலே உள்ளது கீழே உள்ளதை அறுக்கும் கத்தியாகிவிடும். கண்ணி முள்ளின் கண்ணைத் தாண்டி மேலே வந்து முடிச்சோடு சேர்ந்து இறுகியதா என்பதையும் கவனியுங்கள். கண்ணுக்குக் கீழேயே சிக்கிக்கொண்டால் அந்த முடிச்சை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடுவதே அறிவுடைமை. மிக மெல்லிய நூலாக இருந்தால், தளர்வான முடிச்சைப் போடும்போது நூலை ஒருமுறைக்குப் பதிலாக இருமுறை சுற்றி எடுங்கள், பிடிமானம் கூடும்.

பாலோமருக்கு ஒரு குறை உண்டு. பல கிளை முட்கள் தொங்கும் பெரிய செயற்கை இரையைக் கண்ணிக்குள் செலுத்துவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அத்தகைய இரைகளுக்கு ஒரு ஸ்னாப்பை (திறந்து மூடும் சிறு கொக்கியை) பாலோமரால் கட்டி, இரையை அதில் மாட்டிவிடுங்கள். ஸ்னாப் விரும்பாதவர்கள் நூலை இரட்டித்து யூனி முடிச்சு (வாலால் ஒரு கண்ணி அமைத்து, அதற்குள்ளேயே சில சுற்றுச் சுற்றி இறுக்குவது) போடலாம்.

கேள்வி: பின்னல் நூலுடன் ஃபுளோரோகார்பன் லீடரை (முள்ளுக்கு முன்னால் இணைக்கும் தனி நரம்புத் துண்டை) இணைக்க இரட்டை யூனி போதுமா, எஃப்.ஜி. முடிச்சைக் கற்றே ஆக வேண்டுமா?

பதில்: லீடர் எவ்வளவு நீளம் என்பதிலிருந்து தொடங்குவோம். வீசும்போது இணைப்பு முடிச்சு கோலின் வளையங்களுக்கு வெளியேதான் இருக்கும் என்றால், ஒவ்வொரு நூலும் மற்றதைச் சுற்றி யூனி போடும் இரட்டை யூனி தாராளமாகப் போதும். பின்னல் நூல் பக்கம் எட்டுச் சுற்று, லீடர் பக்கம் நான்கு சுற்று என்று போட்டு, இரண்டையும் நனைத்து, ஒன்றையொன்று முட்டும்வரை இழுங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சுற்றுவது நைலானிலிருந்து வந்த பழக்கம். இங்கே அது பின்னல் நூல் பக்கத்தில் வழுக்கும்.

லீடர் நீளமாக இருந்து, ஒவ்வொரு வீச்சிலும் முடிச்சு வளையங்களைக் கடக்க வேண்டியிருந்தால் எஃப்.ஜி.யின் அருமை புரியும். அதில் லீடர் முடிச்சிடப்படுவதே இல்லை. பின்னல் நூல்தான் லீடரை மாறி மாறி மேலும் கீழுமாகச் சுற்றிப் பிடிக்கிறது. இழுக்க இழுக்க அந்தப் பிடி இறுகுகிறது. பின்னல் நூலை விறைப்பாக நிறுத்திக்கொண்டு, லீடரை ஒருமுறை மேலிருந்தும் ஒருமுறை கீழிருந்தும் கொண்டுவந்து ஏறத்தாழ இருபது பின்னல்கள் போடுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், பாய் முடைந்ததுபோல வரிசையாகப் படிய வேண்டும். அடுத்து, பின்னல் நூலின் வாலால் லீடரையும் பிரதான நூலையும் சேர்த்து இரண்டு அரை முடிச்சுகள் போட்டு, நனைத்து, பலமாக இழுங்கள்.

இழுக்கும்போது நிறத்தைக் கவனியுங்கள். சரியாகக் கவ்விய சுற்றுகளில் பின்னல் நூலின் நிறம் சட்டென அடர்ந்து, லீடரில் புதைந்தாற்போல் தோன்றும். ஓரிடத்தில் மட்டும் வெளிறிய நிறம் எஞ்சியிருந்தால் அந்த இடம் இன்னும் கவ்வவில்லை. நிறம் சீராக மாறிய பிறகே லீடரின் வாலை ஒட்ட நறுக்க வேண்டும்; பின்னர் பிரதான நூலின்மீது மட்டும் நான்கைந்து அரை முடிச்சுகளைத் திசை மாற்றி மாற்றிப் போட்டு முடியுங்கள். அவசரத்தில் நிறத்தைப் பார்க்காமல் நான் போட்ட எஃப்.ஜி. ஒன்று, முதல் மீனின் முதல் பாய்ச்சலிலேயே உறைபோல் உருவிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து படகு ஆடும்போது அந்த முடிச்சைப் போடுவதில்லை. கரையிலேயே சில லீடர்களை இணைத்துச் சுருட்டி வைத்துக்கொள்கிறேன்.

பின்னல் நூலைவிட லீடர் தெளிவாகத் தடித்திருந்தால்தான் எஃப்.ஜி. கவ்வும். இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன் என்றால் இரட்டை யூனிக்கோ, லீடரை மடித்து அதன்மேல் ஏழு சுற்று ஏறி ஏழு சுற்று இறங்கும் ஆல்பர்டோவுக்கோ திரும்பிவிடுங்கள். ஆல்பர்டோவில் நூல் மடிப்புக்குள் நுழைந்த பக்கத்திலேயே வெளியேற வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

கேள்வி: வால் அவிழாமல் இருக்க நெருப்பால் சுடலாமா? அல்லது உடனடிப் பசை ஒரு சொட்டு விடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இந்த இழை 150 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். தீச்சுடரின் வெப்பம் அதைவிடப் பன்மடங்கு. முனையில் ஒரு மணி உருவாக்கப்போய், கண்ணுக்குத் தெரியாமல் முடிச்சையும் சுட்டுவிடுவோம். பசையோ பாலிஎத்திலீனில் சரிவர ஒட்டுவதே இல்லை. காய்ந்தபின் முடிச்சை விறைக்கச் செய்வதுதான் மிச்சம். கூரிய கத்தரியால் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வால் விட்டு நறுக்குங்கள். நகவெட்டி பின்னல் நூலை வெட்டுவதைவிட மென்று துப்புவதே அதிகம்.

கேள்வி: முடிச்சில் கோளாறு இல்லை. ஆனால் டிராக்கை (ரீலிலிருந்து நூல் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்கை) எவ்வளவு இறுக்கினாலும் பெரிய மீன் இழுக்கையில் ரீலில் நூல் மொத்தமாகச் சுழல்கிறதே?

பதில்: ஸ்பூலின் (ரீலில் நூல் சுற்றியிருக்கும் உருளையின்) வழவழப்பான அச்சின்மேல் நூல் முழுவதும் ஒரே கட்டாக வழுக்குகிறது. முதலில் சில மீட்டர் நைலானைச் சுற்றி, அதனுடன் பின்னல் நூலை இரட்டை யூனியால் இணையுங்கள். நைலான் அச்சைக் கவ்விக்கொள்ளும்.

கேள்வி: முடிச்சைச் சோதிக்கச் சரியான வழி எது? எப்போது மாற்றிக் கட்ட வேண்டும்?

பதில்: நூலை வெறும் கையில் சுற்றி இழுக்காதீர்கள், விரலை எலும்புவரை அறுக்க வல்லது அது. ஒரு மரக்கட்டையில் நூலைப் பல சுற்றுச் சுற்றி அந்தக் கட்டையைப் பிடித்திழுங்கள். முள்ளை இடுக்கியால் பற்றிக்கொள்ளுங்கள். இழுப்பைச் சட்டென்று வெட்டி இழுக்காமல் படிப்படியாகக் கூட்டுங்கள். எந்த முடிச்சு சிறந்தது என்ற வாதத்தைத் தீர்க்க, ஒரே நூலின் இரு முனைகளிலும் இரு வேறு முடிச்சுகளைப் போட்டு இழுத்துப் பாருங்கள். முதலில் தோற்பது எது என்று உடனே தெரிந்துவிடும். ஒருமுறை நம்பாமல் ஐந்தாறு முறை செய்யுங்கள், ஏனெனில் நாம் போட்ட விதம் முறைக்கு முறை மாறும்.

பெரிய மீன் ஒன்றுடன் மல்லாடிய பிறகும், முள் பாறையில் சிக்கி இழுத்த பிறகும் முடிச்சை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். முடிச்சுக்கு மேலே ஓரிரு மீட்டரை விரல்களுக்கிடையே உருவிப் பார்த்து, சொரசொரப்பு தட்டுப்பட்டால் அந்தப் பகுதியையும் சேர்த்தே நறுக்கிவிடுங்கள்.